பொன்னு எங்கே படிப்பாள்?

வேலாயுதம் நோர்வூட் டவுன் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சாகவே இருந்தான்.

"வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருக்காங்க மருதாயி. பெஞ்சு, மேசை எல்லாம் இருக்கு. நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தா மத்த நாலும் கத்திக்கிட்டுக் கெடக்கும். தொரை இன்னொரு ஆளும் போட மாட்டேங்கிறாரு."

அவன் மனைவி மருதாயி அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"பொன்னு சின்னப் புள்ள. மழையில அம்புட்டுத் தூரம் நடக்கணுமே."

"நடக்கட்டும், படிப்பாவது வரும். இங்க அஞ்சாவது முடிச்ச புள்ளைங்க எல்லாம் தேயிலைக் கொழுந்துக் கூடையத்தான் தூக்குதுங்க."

"அதுக்கு வாத்தியார் என்ன பண்ணுவாரு?"

"என்னமோ, அந்த ஆளை நம்பி எம் புள்ளைய விட மாட்டேன்."

மருதாயி ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு மலையில கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க எல்லாரும், ‘பொன்னு எங்க படிக்கப் போவுது’ன்னுதான் எங்கிட்டக் கேட்டாங்க. அவுங்களுக்கு டவுனுக்கு அனுப்ப வழியில்ல. தோட்டத்து வாத்தியார் நீங்க. நீங்களே உங்களை நம்பலைன்னா, அவுங்க எப்புடிங்க நம்புவாங்க?"



திங்கட்கிழமை காலையில் வேலாயுதம் பொன்னுவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். குறுக்குப் பாதை இருந்தும் அதில் இறங்காமல், எல்லோரும் பார்க்கும்படி தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசல்கள் வழியாகவே தன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.