ஆறாவது கிளாஸ்

ஐந்தே வருடத்தில் நாமக்கல் மாவட்டத்தில் கொசு என்ற உயிரினமே இருக்காது என்று ஆய்வக உதவியாளன் அருணகிரி அறிவித்தான்.

கேட்பதற்கு அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் கமலவேணியும் நூற்றைம்பது கொசுப்புழுக்களும் மட்டுமே இருந்தார்கள். புழுக்கள் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

ஐந்து கிளாஸ்களில் கொல்லிமலை நொச்சியின் சாறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு. ஆறாவதில் வெறும் தண்ணீர். கிளாஸுக்கு இருபத்தைந்து புழுக்கள். ஒரு முழு நாள் கழித்து ஊசியால் தொட்டுப் பார்ப்பார்கள். அசையாதது செத்தது.

கமலவேணிக்கு இது முனைவர் பட்ட ஆராய்ச்சி. வயிற்றில் ஒன்பது மாதம். ஆறு கிளாஸ்களையும் ஜன்னலோரத்திலிருந்து நிழலுக்கு நகர்த்தினாள். மூச்சு வாங்க ஆறாவதன் பக்கம் மட்டும் குனிந்து, "வெயிலு ஜாஸ்திதாங்க சாமி. நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றாள்.

"ஏனுங்கக்கா, கொல்ல வந்த எடத்துல கொஞ்சிட்டிருக்கறீங்க. உட்டா பேரே வெச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது."

"சிரிடா, சிரி. வெறுந்தண்ணில அஞ்சுக்கு மேல செத்துதுன்னா மொத்தமும் குப்பைக்குத்தான் போவோணும்."

போயிருக்கிறது, இரண்டு முறை. சித்திரை வெயிலில் தண்ணீர் சுட்டு, மருந்தே படாத புழுக்களும் மண்டையைப் போட்டன. வெறும் தண்ணீரிலேயே சாகிறதென்றால், நொச்சிதான் கொன்றது என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

இது மூன்றாவது முறை. ஆய்வேட்டைக் கொடுக்க இந்த மாதம்தான் கடைசி. நான்காவது முறைக்கு நாளில்லை.

அன்று மாலையே அவளுக்கு வலி கண்டது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு எண்ணிப்போடு சாமி" என்றாள். 

மறுநாள் காலை பத்தரைக்கு அருணகிரி எண்ணத் தொடங்கினான். நொச்சி பிரமாதப்படுத்தியிருந்தது. ஐந்தாவது கிளாஸில் இருபத்தைந்தும் காலி. ஒவ்வொரு பிணத்துக்கும் மனதுக்குள் கைதட்டிக்கொண்டான்.

ஆறாவது கிளாஸுக்கு வந்தான்.

பத்தொன்பது நெளிந்துகொண்டிருந்தன. ஐந்து செத்திருந்தன.

மிச்சம் ஒன்று அடியில் கிடந்தது. தொட்டான். அசையவில்லை. மறுபடி தொட்டான். இதுவும் செத்ததென்றால் ஆறு.

மணி பத்து ஐம்பத்தெட்டு.

ஐந்து என்று எழுதிவிட்டால் கேட்க ஆளில்லை. பேனா மூடியைக் கழற்றினான். அக்கா எண்ணத்தானே சொன்னாள்? மூடியைத் திரும்பப் போட்டான்.

போன் ஒளிர்ந்தது. அவள் கணவரின் செய்தி, இரண்டே சொல்: பெண் குழந்தை.

அருணகிரி வாசலை எட்டிப் பார்த்தான். வராந்தாவில் யாருமில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தான். கிளாஸின் அடியில் கிடந்ததைப் பார்த்து, மேஜையில் முகவாய் படும்வரை குனிந்தான்.

"ஏனுங்க கந்தம்மா," என்றான், மிக மெதுவாக. "அக்காளுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாமா. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். ஒருக்கா வாலையாச்சும் ஆட்டிப்போடுங்க சாமி."

ஊசி நுனியால், பட்டும் படாமல் தொட்டான்.

ஆட்டியது.