இரண்டு டம்ளர்கள்

ஆய்வுக்கூட வேலை கிடைத்துவிட்டது. பாதுகாப்பு அனுமதி மட்டும்தான் பாக்கி. அதற்கான படிவத்தில், கடன் எதுவும் இல்லை என்று அவள் எழுதியிருந்தாள்.

விசாரணை அதிகாரி நிதானமாகப் பேசினார். "கடன் வாங்கினதுக்காக யாரையும் தள்ளிட மாட்டோம்மா. மறைச்சதுதான் சிக்கல்."

"யார் சார் சொன்னது?"

"காலையில நீங்க கிளம்பின பிறகு உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாதான் சொன்னார். 'என் வைத்தியத்துக்குத்தான் வாங்கினா, பாவம், அவளை விட்டுடுங்க'ன்னார். தங்கமான மனுஷன்."

"சார், அப்பா தவறி ரெண்டு வருஷமாச்சு. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். "கடனை மறைச்சீங்க, சரி. பெத்தவரையுமா?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கு சார். கொண்டுவந்து காட்டறேன்."

"கடன் இல்லைன்னு எழுதின படிவமும் நீங்க கொடுத்ததுதானேம்மா" என்று அவர் கோப்பை மூடினார்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். சமையலறை மேடையில் அப்பாவின் டம்ளர், அவர் எப்போதும் செய்வதுபோல, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் விருந்தாளிக்கு எடுக்கும் டம்ளர்.

இரண்டிலும் ஈரம் இன்னும் காயவில்லை.