ரீசெட் ராஜாவின் மூன்று முயற்சிகள்

"மெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க."

மனைவி மடிக்கணினியோடு வந்து நின்றபோது மணி நாலு. சனிக்கிழமை. அவர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

மனைவி வந்து நின்றது சரியான இடத்தில்தான். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ரீசெட் ராஜா. நானூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் முப்பது பேராவது பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு அவர் மேஜைக்கு முன்னால் கையைப் பிசைவார்கள். திங்கட்கிழமை காலை வரிசையைப் பார்த்தால் மனிதர் ஏதோ வரம் கொடுக்கிறார் என்றே தோன்றும்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

"கொடு இப்படி," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

என்ன மெயில், என்ன அவசரம் என்றெல்லாம் கேட்கவில்லை. பல் பிடுங்குகிறவர் ஊர்க்கதையா கேட்பார்?

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தில் சர்க்கரை, உப்பு பார்க்கிறவளுக்குப் பாஸ்வேர்டு மறப்பது இயற்கைதான் என்று பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார்.

பழைய செல்போன் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்றது திரை. அந்த எண் போய் ஆறு வருடம் ஆகிறது. சரி, கணக்கைத் தொடங்கியபோது நீங்களே பதில் எழுதிவைத்த கேள்விகள் மூன்று இருக்கின்றன, ஒன்றுக்குச் சரியாகச் சொன்னாலும் போதும் என்றது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பதினஞ்சு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறவனுக்குத் தெரியாதா?"



முதல் கேள்வி: நீங்கள் முதன்முதலில் சம்பளம் வாங்கிய இடம் எது?

ரீசெட் ராஜா சிரித்தேவிட்டார். 'பரிசோதனைக் கூடம்' என்று தட்டினார்.

தவறு.

எழுத்துப்பிழையாக இருக்கும் என்றார். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஏதோ ஒரு கடையில் நின்றதாகக் கேட்ட ஞாபகம் லேசாக வந்தது. துணிக்கடையா, மருந்துக்கடையா? வந்த வேகத்திலேயே அந்த ஞாபகம் திரும்பிப் போய்விட்டது.

இரண்டாவது: உங்களுக்குப் பிடித்த நிறம் எது?

இது குழந்தைகூடச் சொல்லும். அவள் அலமாரியைத் திறந்தால் கடலே தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர்தானே நீலத்தில் எடுத்துத் தருகிறார்? அவளும் "நல்லா இருக்குங்க" என்று வாங்கிக்கொள்கிறாளே!

நீலம்.

தவறு.

"நீலம்தானே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். திரை வாதாட விரும்பவில்லை. இன்னும் ஒரே ஒரு முயற்சி என்றது.

மூன்றாவது: சிறு வயதில் நீங்கள் என்னவாக ஆசைப்பட்டீர்கள்?

ரீசெட் ராஜாவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன. பக்கத்தில் அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஒரு முழத் தூரத்தில் விடை உட்கார்ந்திருக்கிறது. தலையைத் திருப்பி, "என்னம்மா ஆசைப்பட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வேலை முடிந்தது.

ஆனால் நானூறு பேருக்கு வரம் கொடுக்கிறவர் வீட்டில் கையேந்துவதா?

எல்லாப் பெண்களும் ஆசைப்படுவதுதானே என்று 'டாக்டர்' எனத் தட்டினார்.

பாதுகாப்பு கருதிப் பாஸ்வேர்டு மீட்பு இருபத்துநாலு மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது என்று திரை தன் முடிவை மரியாதையாகத் தெரிவித்தது.

"மனுஷனுக்கு ஞாபகம் இருக்கற மாதிரி பதில் போடணும். கண்டதையும் போட்டா இப்படித்தான்," என்றார். மீசையில் மண் ஒட்டவில்லை. தொடர்ந்து பத்து நிமிடம், கணக்குப் பாதுகாப்பு பற்றி அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நடத்தும் வகுப்பை அவளுக்கும் நடத்தி முடித்தார்.

அவள் அவர் மடியிலிருந்த மடிக்கணினியை மூடினாள்.

"சரி விடுங்க. நான் பாத்துக்கறேன்."

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபப்படவில்லை. ரீசெட் ராஜாவுக்கு அதில் நிம்மதிதான். நண்பர்கள் குழுவில் ‘நம்ம வீட்டம்மாவும் பாஸ்வேர்டைத் தொலைச்சாச்சு’ என்று சிரிப்பு பொம்மையோடு எழுதிக்கொண்டிருக்கும்போது, செல்போனில் ஒரு மெயில் வந்து விழுந்தது.

அனுப்பியவர், மனைவி.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே முகவரி. நாளை மாலைவரை மீட்க முடியாத அதே கணக்கு.

அடைபடுவது மறந்தவர்களுக்கான வழி மட்டும்தான். பாஸ்வேர்டு தெரிந்தவர் எப்போதும்போல உள்ளே போகலாம். இதை வருடக்கணக்காக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

மெயில் அவருக்கு எழுதப்பட்டதுமல்ல. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு எழுதியது. தலைமைப் பரிசோதகர் வேலையை ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுகிறேன். கீழே, 'நகல்: கணவருக்கு, தகவலுக்காக.'

அதற்கும் கீழே மருத்துவமனை அனுப்பிய வேலைக்கான கடிதம்; அது வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பதில் சொல்லக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பத்தெட்டு.

கூடவே, பேனாவால் நிரப்பிய ஒரு படிவத்தின் படமும் இருந்தது. தங்குமிடம் என்று போட்டு இரண்டு கட்டங்கள். 'குடும்பத்துடன் வசிக்க வீடு' என்ற கட்டத்தில் என்றைக்கோ அழகாகப் போட்ட குறி, இப்போது அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததற்குப் பக்கத்தில் விதிப்படி சின்னதாக ஒரு கையெழுத்து, இன்றைய தேதி.

புதிய குறி, 'தனி அறை' என்ற கட்டத்தில் இருந்தது.