கறுப்பு மொச்சை மசியல்

"யாருக்குடி பிரசவம்?"

அடுப்படி வாசலில் நின்று கேட்டாள் ஞாக்கியோ. கினாங்கோப் மலைக்குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கு மூக்கு கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. தம்பி கிதாவ் வீட்டு வாசலை மிதிக்கும்போதே வாசம் பிடித்துவிட்டாள்.

தம்பி மனைவி வமைதா பெரிய பானையைப் பாதங்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, வெந்த உருளைக்கிழங்கை மரத்துடுப்பால் இடித்துக்கொண்டிருந்தாள். கீரையும் சோளமும் போட்டு மசித்தால் அது எல்லா விருந்துக்குமான முகிமோ. இதிலோ கறுப்பு மொச்சை கிடந்தது. கறுப்பு மொச்சை போட்டால் அது பச்சை உடம்புக்காரிக்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வமைதாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாருக்குன்னு கேக்கறேன்ல?"

"குழந்தை வருது அண்ணி. உங்க தம்பி கூட்டிட்டு வரப் போயிருக்காரு. தாய்க்காரிக்கு மசியல் வேண்டாமா?"

"என்னது? அவன் குழந்தையா?"

"அவரு குழந்தைதான்." துடுப்பு நிற்கவில்லை.

ஞாக்கியோ அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி! கிழங்கு மூட்டை ஏத்திட்டுப் போறேன், போறேன்னு நைவாஷாவுக்கு ஓடினது இதுக்குத்தானா? அவளுக்கு நீ ஆக்கிப் போடுறியே, உனக்கு ரோஷமே கிடையாதா?"

"ரோஷம் இருக்கறதாலதான் ஆக்கறேன்."

"பைத்தியக்காரி! இன்னிக்கு உன் கையால தின்னுவா. நாளைக்கு உன் கட்டில்ல படுப்பா. அப்புறம் நீ பெட்டியைத் தூக்கிட்டு உங்கப்பன் வீட்டு வாசல்ல நிக்கணும். மரியாதையா இதைக் கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டு."

"அந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்க அண்ணி. இதுல சேர்க்கணும்."

"நானா? செத்தாலும் மாட்டேன்!"

வமைதா தானே உரித்துப் போட்டாள். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. வலிக்கட்டும். இந்த வீட்டில் தன் இடம் எது என்பது இன்றைக்கு முடிவாகிவிடும், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மறுபடியும் துடுப்பை எடுத்தாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஞாக்கியோ சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"வரட்டும் அவ. படியில கால் வைக்கிறாளான்னு பாத்துடறேன்."

கிதாவ் கம்பளியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்தபடி இறங்கினான். ஞாக்கியோ அவனைத் தள்ளிக்கொண்டு போய் வண்டியின் முன் இருக்கையைப் பார்த்தாள். பின்பக்கம் ஏறியும் பார்த்தாள். காலிச் சாக்குகள்தான் கிடந்தன.

"எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?"

"யாரை?"

"இதோட அம்மாக்காரியைத்தான்!"

கிதாவ் நேரே அடுப்படிக்குள் போனான். மசியல் ஒட்டிய கையை வமைதா பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவன் குழந்தையை அவள் கையில் வைத்தான்.

பின்னாலேயே வந்து நின்ற அக்காவிடம் திரும்பினான். "அநாதை இல்லத்துலயும் இதையேதான் கேட்டாங்க, அம்மா ஏன் வரலைன்னு. அவ பிரசவச் சாப்பாட்டை அவளே மசிச்சிக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்."

ஞாக்கியோ குனிந்து துடுப்பைக் கையில் எடுத்தாள்.

"பச்சை உடம்புக்காரிக்கு அடுப்படியில என்னடி வேலை? போய்ப் படு, நான் மசிச்சுக் கொண்டு வர்றேன்."