இடம் பிடித்தவள்

பிரிவு விழாவில் கேக் வெட்டிய கத்தியை அழகுபாண்டி இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் முனீஸ்வரி தன் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய் அவனுடைய நாற்காலியில் வைத்துவிட்டாள்.

கே.கே. நகர் பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஜன்னலை ஒட்டி, ஏசிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அது. அந்த ஆபீஸிலேயே கிரீச்சென்று கத்தாத ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் அழகுபாண்டி இத்தனை வருஷமும் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டான்.

"ஏம்மா, நான் இன்னும் கிளம்பவே இல்ல. திருவாதவூர் பஸ்ஸுல துண்டு போடுற மாதிரில்ல போடுற!"

"அந்த ஊர்க்காரிதானண்ணே நானு. ஜன்னல் வழியா தூக்கிப் போடாம நடந்து வந்து வச்சேன்ல, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அழகுபாண்டியும் சிரித்தான். கேக்கை மட்டும் தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட்டான்.

கூட வேலை பார்க்கும் விஜய்ஆனந்த்தான் சமாளித்தான். பொன்னாடையைப் போர்த்திவிட்டு, மைக் இல்லாமலே முழங்கினான்.

"மாப்ள, நீ இல்லாத ஷோரூம் கோபுரம் இல்லாத மதுரைடா! எப்ப வேணாலும் வா. என் சேரையே உனக்குத் தாரேன்!"

அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன்னா இவன்தான் மனுஷன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பியும் அவனுக்கு ஆறவில்லை. "ஒரு சேருக்கு அம்புட்டு அவசரமா அஸ்வினி? நான் வாசலைத் தாண்டுற வரைக்குமாச்சும் பொறுக்கக் கூடாதா?"

"விடுங்க. கோயம்புத்தூர்ல உங்களுக்குச் சோபாவே போட்டுத் தருவாங்க."

அடுத்த திங்கட்கிழமை கோயம்புத்தூர் கம்பெனியில் சேர வேண்டும். பெட்டி கட்டியாயிற்று. அஸ்வினியின் தம்பி விருமாண்டி, நாகமலை புதுக்கோட்டைத் தெருமுனையில் பிளெக்ஸே வைத்துவிட்டான். 'கோவையைக் கலக்கப் புறப்படும் எங்கள் மச்சான்.' கூலிங்கிளாஸ் போட்ட படம் வேறு.

அதற்கு ஆறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது.

'நிர்வாகக் காரணங்களால் தங்களுக்கு அளித்த பணி வாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

அஸ்வினி அதை இரண்டு தடவை வாசித்தாள். "வாழ்த்து வேற சொல்லிருக்காங்க. நல்லா வளர்ந்த பிள்ளைங்க போல."

"உனக்குச் சிரிப்பா இருக்கா? இருந்த வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்டி. இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல."

"அழுதா மட்டும் கூப்பிட்டுக் குடுத்துருவாங்களா? சாப்பிட்டுட்டுப் பழைய இடத்துலயே கேளுங்க. பிளெக்ஸை என் தம்பி பாத்துக்குவான். 'கோவையை உதறித் தள்ளிய எங்கள் மச்சான்'னு மேல ஒரு பேப்பரை ஒட்டிருவான்."

அழகுபாண்டி விஜய்ஆனந்துக்குப் போன் போட்டான்.

விஷயத்தைக் கேட்டதும் அங்கே குரல் இறங்கிவிட்டது. "அய்யய்யோ… முதலாளிகிட்ட நான் எப்படிடா பேசுறது? அந்த முனீஸ்வரி இருக்குல்ல, நீ போன அன்னிக்கே உன் வேலையையும் சேர்த்துப் பார்க்குறேன்னு அவர்கிட்ட சொல்லிருச்சு. அந்த சீட்டுக்கு என் மச்சினனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துனேன் மாப்ள. ஒரே அமுக்கா அமுக்கிருச்சு. மனுஷிக்கு எம்புட்டு ஆசை பாரு!"

என் சேரையே தாரேன் என்று சொன்ன வாய். அழகுபாண்டி போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் தெருமுனையைத் தாண்டும்போது, பிளெக்ஸில் இருந்த அழகுபாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வண்டியில் போன அழகுபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டீக்கடை தவசி விடவில்லை. "என்னண்ணே, கலக்க இன்னும் கிளம்பலையா?"

"சர்க்கரை போட்டாச்சு தவசி. கலக்குறதுதான் பாக்கி."

ஷோரூமில் முதலாளி ராஜகுரு முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எனக்கும் உங்களை விட மனசில்லதான் தம்பி. ஆனா அந்த சீட்டை முனீஸ்வரி பொறுப்புல விட்டுட்டேன். அதுகிட்டயே கேளுங்க. அது சரின்னா எனக்கும் சரி."

அவளிடமா! திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். பெட்டி கட்டி முடித்த வீடு ஞாபகம் வந்தது. உள்ளே நடந்தான்.

முனீஸ்வரி மேஜையில் அவள் பில்களும், அவன் இன்சூரன்ஸ் ஃபைல்களும் குவிந்து கிடந்தன. நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"முனீஸ்வரி…"

"கோயம்புத்தூர்க்காரங்க கைய விரிச்சுட்டாங்களாண்ணே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் மூஞ்சியிலயே பிளெக்ஸ் வச்சிருக்கீங்களே."

"அன்னிக்கு நான் பஸ்ஸு, துண்டுன்னு சொன்னது உனக்கு வருத்தமா இருந்தா மனசுல வச்சுக்காதம்மா. ரெண்டு வேலை உனக்கும் சிரமம். எனக்குப் பாதியக் குடுத்தாக்கூடப் போதும்…"

முனீஸ்வரி எழுந்தாள். அவள் நாற்காலி கிரீச்சென்றது. அப்போதுதான் அழகுபாண்டி கவனித்தான். அவள் இன்னமும் தன் பழைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலோர நாற்காலியில் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கும் இப்படித்தான் ஆச்சுண்ணே. புது எடத்துல வர வேண்டாம்னுட்டாங்க. பழைய ஆபீசுக்குத் திரும்பி ஓடுனா, என் சேர்ல வேற புள்ள உட்கார்ந்திருக்கு. அதான், நீங்க அங்க சேர்ந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் ஆள் போடாதீங்க, நான் பாத்துக்கிறேன்னு முதலாளிகிட்ட சொல்லி வச்சேன்."

பையை எடுத்துத் தன் மேஜையில் வைத்தாள். துப்பட்டா நுனியால் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"உட்காருங்க. எங்க ஊரு பஸ்ஸுல துண்டு போடுறது நாங்க உட்கார மட்டுமில்லண்ணே, பின்னால ஓடி வர்ற ஆளுக்கும் சேர்த்துத்தான்."