உயிருடன் உள்ளது

"இன்னும் சாகலையா?" என்றார் வல்லிநாயகம், பைக்கை விட்டு இறங்காமலேயே.

புளியறை மலையடிவாரத்தில் முத்துசெல்வியின் தொழு. உள்ளே அவளுடைய ஒரே கறவை மாடு படுத்துக் கிடந்தது. கழுத்திலும் பின்தொடையிலும் சிறுத்தை கடித்துக் கிழித்த புண். முந்தாநாள் விடியற்காலையில் நடந்தது.

வல்லிநாயகம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்வையிட வந்தவர். இறங்கி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

மாடு காதை ஆட்டியது.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. துட்டிக்கு வந்த வீட்டில் பிணம் எழுந்து உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி.

காட்டு மிருகம் அடித்தால் பணம் என்று சொல்லித்தான் பாலிசியை விற்றார்கள். அடித்துக் கொன்றால் மட்டும் என்பது பொடி எழுத்தில் இருந்தது.

வைத்தியச் செலவு? கிடையாது.

மாடு இனி பால் கறக்காதே? அதற்கு வேறு விண்ணப்பப் பாரம். வேறு ஆபீஸ். இன்று லீவு.

"சிறுத்தையை யாரு விரட்டுனது?"

"நான்தான் சார்."

"கெடுத்துட்டியளே! ரெண்டு நிமிசம் சும்மா இருந்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும்லா. முழுத் தொகையும் கைக்கு வந்திருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

முத்துசெல்வி தவிட்டுக் கஞ்சி இருந்த வாளியைக் காலால் மாட்டின் வாயருகே நகர்த்தினாள். மாடு ஒரு வாய் உறிஞ்சியது. அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. பாரத்தைத் தொடைமேல் வைத்து, 'உயிருடன் உள்ளது' என்று அழுத்தி எழுதினார். கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

"கைநாட்டா? இந்தக் காலத்துலயுமா?" சிரித்தார். "அதான் எதையும் படிச்சுப் பாக்காம பாலிசி எடுத்திருக்கிய."

மைப்பெட்டியைத் தேடிப் பையைக் கிளறினார்.

"பி.காம் முடிச்சிருக்கேன் சார்."

சொல்லிவிட்டு முந்தானையை விலக்கினாள்.

வலது கையில் விரல் நுனியிலிருந்து தோள் வரை கட்டு. முழங்கைப் பக்கம் துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

வல்லிநாயகம் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாரத்தைப் பார்த்தார். அதில் மாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தது.

மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.