அரக்கு நிறக் கவுன்

இரண்டு வருடம் டென்மார்க்கில் இருக்க வேண்டும். வாசுகியும் கணவரும், பிள்ளைகள் யாழினியும் கவினும் போகிறார்கள். நிறைமதி போகவில்லை. கணவரின் இறந்துபோன தங்கையின் மகள் அவள். ஏழு வயது. மூன்று வருடமாக இவர்களோடுதான் இருக்கிறாள். அவளுக்குத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் வாங்கியாகிவிட்டது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று வாசுகி ஒரு மாதத்தைத் தள்ளிவிட்டாள். நாளை மறுநாள் விமானம்.

ஒரு பெட்டியில் எடை கூடியிருந்தது. எதையாவது குறைக்கலாமென்று திறந்தபோது, கவினின் ஸ்வெட்டர்களுக்கு நடுவே நிறைமதியின் அரக்கு நிறக் கவுன் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தானும் வரப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று வாசுகிக்குத் தோன்றியது. பள்ளி விட்டு அவள் வருவதற்குள் கவுனை எடுத்து அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

சாயங்காலம் நிறைமதி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அத்தை, இதுல என் கவுன் இருந்துச்சே?"

"பெட்டியில அப்படி எதுவும் இல்லையேம்மா. வேற எங்கயாவது வச்சிருப்பே" என்றாள் வாசுகி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல அத்தை, இதுலதான் வச்சேன். யாழினிக்கு அடுத்த வருஷம் சரியா இருக்கும். எனக்குத்தான் ஹாஸ்டல்ல யூனிஃபார்ம் தருவாங்களே."

"ஹாஸ்டல்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மாமா போன்ல பேசினாரு."

வாசுகி அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள். திறந்து எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. நிறைமதி அடுத்த பெட்டியின் ஜிப்பை இழுத்து, உள்ளே கைவிட்டுத் தேடத் தொடங்கினாள்.